செம்மணல் கரை நகரங்கள் – 4: குதிரைகள் இறங்கிய காயல்

கொற்கையைக் கடல் கைவிட்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

கிரேக்க மாலுமிகளின் கையேடான பெரிப்ளூஸிலும் தாலமியின் நூலிலும் 'கொல்கை' என்று பதிவான துறைமுகம் அது. வெற்றிவேற் செழியன் இருந்து ஆண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்லும் ஊர். முத்தும் சங்கும் குவிந்த கரை. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை கிழக்கே நகர்ந்தது. இன்று அங்கே வாழைத் தோட்டம் இருக்கிறது, குளம் இருக்கிறது, முதிர்ந்த வன்னிமரம் ஒன்று இருக்கிறது. கடலைப் பார்க்க இன்னும் சில கிலோமீட்டர் போக வேண்டும்.

கடல் போனால் கடலை நம்பிப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள்? அதன் பின்னாலேயே போவார்கள். அப்படிப் போனவர்கள் ஆற்றின் புது முகத்தில் எழுப்பிய ஊர்தான் காயல். இன்று பழையகாயல்.

* * *

தேரி

காயலுக்குள் போவதற்கு முன்னால் அதன் தெற்கே கிடக்கும் நிலத்தைப் பார்த்துவிட வேண்டும்.

காரைக்கால் பக்கத்து எங்கள் விழிதியூரில் வளர்ந்த எவருக்கும் பாலைவனம் என்றால் ராஜஸ்தான்தான் நினைவுக்கு வரும். ஜெய்சல்மேர் கோட்டை, ஒட்டகம், மஞ்சள் மணல்மேடு. அங்கே எந்த இடத்தில் மண்வெட்டி போட்டாலும் ஈரக் களிதான் வரும். அரசலாறும் அதன் வாய்க்கால்களும் போட்டுவிட்டுப் போன மண் அது. அந்த மண்ணில் நின்று பழகியவர்கள் முதல் முறை குதிரைமொழித் தேரியில் கால் வைக்கும்போது, இதுவும் தமிழ்நாடா என்று கேட்காமல் இருக்க முடியாது.

சுமார் 12,000 ஏக்கர். கண்ணுக்கு எட்டிய வரை குங்குமச் சிவப்பு. மேடும் பள்ளமுமாக மணல், அதன் மேல் காற்று கீறிய வரிகள். ஆடி மாதத்தில் நீங்கள் நடந்துபோன தடத்தைத் திரும்பி வரும்போது தேடினால் கிடைக்காது.

இந்தச் சிவப்பு இரும்பின் நிறம். மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களின் வழியே இறங்கி, செம்மண் சமவெளியைத் தடவிக்கொண்டு கடலை நோக்கிப் பாய்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் காற்று குவித்த மேடுகளைத்தான் இந்த வட்டாரத்து மக்கள் தேரி என்கிறார்கள்.

எவ்வளவு பழையது? தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளை எஃப். இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் ஆராய்ந்து 1956இல் எழுதினார்கள். கொற்கைக்கும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கும் வெகுகாலம் முன்பே, வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த மனிதர்கள் இந்த மணலில் கல் உடைத்துக் கூர் செய்திருக்கிறார்கள். அதாவது, நகரங்கள் வந்தபோது தேரி ஏற்கெனவே இங்கே இருந்தது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பக்கம் வருகிறவர்கள் செம்மணலைப் பார்த்ததும், கொற்கையையும் காயலையும் மணல் மூடிவிட்டது என்று எளிதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். தேரி மீது சுமத்தப்படும் பழி இது. காற்றில் நகர்ந்த மணல் சில சிற்றூர்களைத் தொல்லைப்படுத்தியது உண்மை. அதைத் தடுக்கத்தான் பனையும் கொல்லாமரமும் நட்டார்கள். ஆனால் துறைமுகங்களை மூடியது இந்த மணல் அல்ல.

உண்மையில் தேரி தண்ணீரைக் காத்து வைக்கும் நிலம். பெய்கிற மழையை ஒரு சொட்டு ஓடவிடாமல் குடித்துவிடும். உள்ளே இறங்கிய நீர் மேட்டின் அடிவாரத்தில் சுனையாகக் கசியும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் செக்கச்சிவந்த மேடு. அதன் காலடியில் சுனையும் அடர்ந்த மரங்களும் குளிர்ச்சியும். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்களுக்கு அந்த நீரின் அருமை தெரியும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும், தேரி மண்ணையே பிரசாதமாக எடுத்துப் போய் வீட்டில் வைக்கிறார்கள்.

இந்தச் சிவப்புக் கரைக்கு வடக்கே, ஆற்றின் வாயில், காயல் எழுந்தது.

* * *

கப்பலில் வந்த பாலைவனம்

13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மதுரையில் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஆட்சி. சோழர்கள் ஒடுங்கிவிட்டார்கள். இலங்கை வரை பாண்டியப் படை போய்வந்திருந்தது.

இவ்வளவு பெரிய அரசுக்கு ஒரு குறை. நல்ல குதிரை இங்கே பிறப்பதில்லை.

குதிரை வந்த இடங்களின் பெயர்களை பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார்: கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹோர்முஸ், கல்ஹாத். அரபுப் பாலையின் விளிம்பும் பாரசீக வளைகுடாவின் கரையும். அந்த வறண்ட நிலங்களில் வளர்ந்த குதிரைகள் கப்பலேறி, கடல் கடந்து, காயலின் துறையில் இறங்கின.

வஸ்ஸாஃப் தரும் கணக்கு வியப்பூட்டுவது. கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 தினார் செம்பொன். வழியில் குதிரை செத்துப்போனாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலம் கொடுத்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடலில் புயல் அடிக்கலாம், தண்ணீர் தீரலாம், நோய் வரலாம். அத்தனை ஆபத்தையும் வாங்குகிறவனே ஏற்றுக்கொள்கிறான். விற்கிறவனுக்கு நட்டமே கிடையாது. படைக்குக் குதிரை எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டிருந்தால் ஓர் அரசன் இதற்கு இணங்கியிருப்பான்!

இத்தனை பொன்னும் எங்கிருந்து வந்தது? கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும், கோயிலைச் சார்ந்திருந்த கணிகையர் மீது விதித்த வரியிலிருந்தும் என்கிறார் வஸ்ஸாஃப். வெளியூரார் ஒருவரின் பதிவு அது. இருந்தாலும், பாண்டிய நாட்டு உழவன் விளைத்த நெல்லின் ஒரு பங்கு ஏதோ ஒரு வழியில் அரபுக் குதிரையாக மாறியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவே அமர்ந்தார். காயல் உள்ளிட்ட மூன்று துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அண்ணன் வளைகுடாவில் குதிரையை ஏற்றி அனுப்ப, தம்பி இந்தக் கரையில் அதை இறக்கினார்.

* * *

வெனிஸ்காரர் பார்த்தது

1292ஐ ஒட்டி சீனத்திலிருந்து நாடு திரும்பும் வழியில் மார்க்கோ போலோ இந்தக் கடற்கரையைத் தொட்டார். அவர் 'கைல்' என்று குறித்த ஊர் இதுதான். பெரிய, சிறந்த நகரம் என்கிறார். ஹோர்முஸிலிருந்தும் கீஷிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குதிரையும் பிற சரக்குகளும் ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் நிற்கின்றன என்கிறார்.

காயல்காரர்களின் ஒரு வழக்கம் அவர் கவனத்தை இழுத்தது. எப்போதும் வாயில் வெற்றிலை. பணமுள்ளவர்கள் அதோடு கற்பூரமும் வாசனைப் பொருள்களும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருவனை அவமானப்படுத்த நினைத்தால் மென்றதை அவன் முகத்தில் துப்புவார்கள். துப்பப்பட்டவன் அரசனிடம் போய்ச் சண்டைக்கு அனுமதி கேட்பான். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய காயல் கடைத்தெருவில் நடந்த ஒரு தகராறு நம் கண் முன்னால் வந்து நிற்கிறது.

குதிரைகளைப் பற்றி அவர் சொல்வது துயரமானது. மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. அவற்றுக்கு இறைச்சியும் சோறும் சமைத்துப் போடுகிறார்கள். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை. வஸ்ஸாஃபும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: வறுத்த வாற்கோதுமை, நெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால், நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போடுதல். உலர்ந்த நிலத்தில் ஓடித் திரிந்த பிராணி இங்கத்திய புழுக்கத்தில், பழகாத தீனியில், கட்டுத்தறியில் நின்றே கொழுத்துச் செத்தது.

வளைகுடா வணிகர்கள் இதை மாற்ற முயலவில்லை என்றும், லாடம் அடிப்பவர்களை இங்கே வரவே விடவில்லை என்றும் மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பல் வரும்!

காயலின் செழிப்பில் பாதி இந்தச் சாவுகளின் மேல் நின்றது. அது எனக்கு உறுத்துகிறது. துறைமுகப் பெருமை பேசும்போது நாம் சொல்லாமல் விடும் பகுதி இது.

* * *

1310

முதுமையில் குலசேகரனுக்கு வாரிசுக் கேள்வி வந்தது. மூத்தவன் சுந்தர பாண்டியன் பட்டத்தரசியின் மகன். வீர பாண்டியன் வேறொரு மனைவியின் மகன். அரசன் வீர பாண்டியனைத் தேர்ந்தெடுத்தான்.

1310ஆம் ஆண்டு. சுந்தரன் தந்தையைக் கொன்றான்.

இந்தச் செய்தியைத் தருபவரும் வஸ்ஸாஃப்தான். குதிரைக் கப்பல்கள் சரக்கோடு செய்தியையும் சுமந்தன. மதுரை அரண்மனையில் சிந்திய இரத்தம் பாரசீக ஏடு வரை போனது.

அண்ணன் தம்பி போர் நாட்டை இரண்டாகப் பிளந்தது. அடுத்த ஆண்டே, 1311இல், டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் பாண்டிய நாட்டுக்குள் நுழைந்தான். கொள்ளையில் பொன்னும் யானையும் போயின. குதிரைகளும் போயின: டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோவின் கணக்கில் 5,000, வரலாற்றாசிரியர் பரணியின் கணக்கில் 20,000. எந்தக் கணக்கு சரியானாலும், அவற்றில் பல இந்த ஆற்று வாயில் முதல் முறை தென்னாட்டு மண்ணை மிதித்தவையாகத்தான் இருக்கும்.

காயல் அன்றோடு முடிந்துவிட்டதா?

இல்லை. நம் பாடநூல்கள் அரசனின் கதை முடிந்ததும் ஊரின் கதையையும் முடித்துவிடுகின்றன. ஊர்கள் அப்படிச் சாவதில்லை. 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் சீனக் கப்பல்கள் வந்தன. அவர்கள் பதிவில் காயல் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா எழுதும்போதும் காயலில் பெரும் செல்வம் கொண்ட முஸ்லிம் வணிகர் ஒருவர் முத்துக்குளிப்பின் வருமானத்தை நெடுங்காலம் கையில் வைத்திருந்தார். அரசு போய் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் துறை உயிரோடு இருந்தது.

அதைக் கொன்றது எது?

* * *

பாதிரியார் பொறுக்கிய ஓடுகள்

இதற்கான விடையைத் தேடியவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். 1841இல் இடையன்குடிக்கு வந்தவர். அதுவும் செம்மணல் ஊர். கொற்கையில் தோண்டிப் பார்த்தார். பிறகு பழையகாயலைச் சுற்றி நடந்தார்.

இரண்டு மூன்று மைல் தூரத்துக்கு நிலமெல்லாம் உடைந்த ஓடும் பானைச் சில்லும் கிடந்தன. அவற்றுக்கிடையே சீனப் பீங்கான் துண்டுகள், அரபு நாட்டுப் பீங்கான் துண்டுகள். அப்போது அங்கே இருந்தது ஒரு சிற்றூர். ஒரு சிற்றூருக்கு இத்தனை சீனப் பீங்கான் எதற்கு? மார்க்கோ போலோவின் நகரம் இதுதான் என்று அவர் முடிவுக்கு வந்தார். மார்க்கோ போலோவின் நூலுக்கு விளக்கம் எழுதிய ஹென்றி யூல் அதைத் தம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். 1881இல் வெளியான திருநெல்வேலி வரலாற்றிலும் கால்டுவெல் இதை விரிவாக எழுதினார்.

துறை அழிந்ததற்குக் காரணம் கொற்கைக்குச் சொன்ன காரணமேதான். வண்டல். ஆறு மழைக்காலந்தோறும் மலை மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து வாயில் கொட்டுகிறது. துறை மேடாகிறது. கப்பல் தள்ளி நிற்கிறது. பிறகு இன்னும் தள்ளி. கடைசியில் வேறு துறை தேடிப் போகிறது. கொற்கைக்கு நேர்ந்தது காயலுக்கும் நேர்ந்தது.

எங்களுக்கு இது புதிதல்ல. அரசலாற்று முகத்தில் மணல் அடைத்துக்கொண்டால் படகு வெளியே போக முடியாது என்று காரைக்கால் மீனவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எங்கள் வயலுக்குச் சோறாக வரும் அதே வண்டல் முகத்துவாரத்தில் தடையாக நிற்கிறது. காவிரிக் கரையில் பிறந்தவர்கள் காயலின் முடிவைப் புரிந்துகொள்வதில் ஒரு வசதி இருக்கிறது: ஆற்று வண்டலின் இரண்டு முகங்களையும் நாம் அறிவோம்.

தாமிரபரணி இன்னும் ஓயவில்லை. 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஓர் ஆண்டு முழுதும் பெய்யவேண்டியதைவிட அதிகம். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் மிதந்தன. பாலைவனம் என்று நாம் பெயர் வைத்த கரையில்தான் இது நடந்தது.

* * *

இன்று போனால்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையிலேயே பழையகாயல் வந்துவிடும். பேருந்திலிருந்து பார்த்தால் உப்பளம் தெரியும். அணு எரிபொருள் வளாகத்தின் சிர்கோனியம் ஆலை தெரியும். பெரிய நகரம் ஒன்று இருந்ததற்கான கட்டடம் எதையும் தேடாதீர்கள். மேற்கே உள்ளே போனால் கொற்கை. கிழக்கே ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல். பாதிரியார் என்றிகே என்றீக்கஸ் தமிழ் கற்று ஊழியம் செய்த ஊர். தெற்கே காயல்பட்டினம். பழங்கல் தூண்கள் கொண்ட பள்ளிவாசல்களும், பெண்கள் நடமாட்டத்துக்கென்றே வீடுகளுக்கிடையே விட்ட குறுகிய முடுக்குகளும் உள்ள ஊர். காயல் மங்கியபோது அதன் கடல் வணிக வாழ்வில் ஒரு பகுதி இங்கேதான் தொடர்ந்தது. 

திருச்செந்தூர் தாண்டினால் தேரி. பிறகு குலசேகரன்பட்டினம், 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட கரை. அதற்கும் தெற்கே, கடலுக்குள் நீண்ட மணல் குன்றின் மேல் மணப்பாடு. ஒரு பகலில் ஓடிப் பார்க்காதீர்கள். கொற்கையில் காலையில் தொடங்கி, ஆறு போன வழியிலேயே கிழக்கே வாருங்கள். கரை நகர்ந்த தூரம் காலுக்குத் தெரிய வேண்டும்.

* * *

மிச்சம் இருந்த முத்து

காயல் துறை தூர்ந்துகொண்டிருந்தபோதும் கடலடியில் முத்துச் சிப்பி அப்படியே இருந்தது. அதை மூச்சடக்கி எடுத்துவந்தவர்கள் பரதவர்கள். அதன் வருமானம் போனதோ வேறு கைகளுக்கு.

அந்த வருமானத்தை வைத்திருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவர்களுக்கும் இடையிலான பகை 1530களில் வெடித்தது. பரதவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் காவலைக் கேட்டார்கள். அதற்கு ஈடாக ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கடற்கரை முழுவதன் போக்கும் சில மாதங்களில் திரும்பியது.

அந்த யோசனையை அவர்களுக்குச் சொன்னவர் பாதிரியார் அல்ல. கோழிக்கோட்டிலிருந்து லிஸ்பன் வரை போய் மதம் மாறி வந்த ஜோவான் த குரூஸ் என்ற வணிகர். அப்போது அவர் கன்னியாகுமரிப் பக்கம் விற்றுக்கொண்டிருந்தது குதிரை.

ஒரு குதிரை வியாபாரிக்கு முத்துக்குளிப்பவர்களின் பகையில் என்ன அக்கறை?

(அடுத்த வாரம்)